லெப்டினன்ட் சாப்பிடட்டும்

போரில் பிடிபட்ட பொலிவியக் கைதிகள் பராகுவேக்கு ரோடு போடும் முகாமில் தெயோலிந்தாதான் சமையல். பராகுவே சிப்பாய்க்கு என்ன சாப்பாடோ அதையே கைதிக்கும் போட வேண்டும் என்று ஜெனீவாவில் எவனோ சட்டம் எழுதி வைத்திருந்தான். அந்தப் புண்ணியவானுக்குப் பிள்ளைகுட்டி உண்டா என்று அவள் தினமும் அடுப்பிடம் கேட்டாள்.

அவள் மகன் எவாரிஸ்தோ சாக்கோ காட்டில், கிணற்றுக் காவலரண் விழுந்த அன்று, துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கைதூக்கி நின்றவன். சரணடைந்த அத்தனை பேரையும் சுடச் சொன்னவன் ஒரு பொலிவிய லெப்டினன்ட், இடது காதில் பாதி இல்லாதவன். பிணங்களுக்கு அடியில் கிடந்து பிழைத்த மகனின் கூட்டாளி பெர்மின் வந்து சொன்னது இது. அந்தப் பாதிக் காது இப்போது சாதாரண சிப்பாய் ரொசெந்தோ என்ற பெயரில் அவள் முன்னால் தட்டை நீட்டியது.

"சண்டையில காது போனவன் எத்தனையோ பேரு, அக்கா. அவன் லெப்டினன்ட்னு அவன் வாயாலயே வரணும்," என்றான் காவல் கார்ப்பரல்.

"வரும்டா. வர வைக்கிறேன்."

அன்றிலிருந்து அவனிடம் தேனொழுகப் பேசினாள். "ஐயோ தம்பி, இது கல்லுடைக்கிற கையா? பிடிபட்ட ஆபீசருங்கள வேலை வாங்கக் கூடாதாமே, சட்டமாம். தலைநகரம் அசுன்சியோன்ல மெத்தையில உக்காந்து சம்பளம் வாங்கிட்டு சீட்டாடுறானுங்க. உனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, பாவம்." சொல்லச் சொல்ல உள்ளுக்குள் அவனைச் சபித்தாள். சிரிப்பை மட்டும் விடவில்லை.

மழைக்காலத்துச் சேற்றில் அவன் கொப்புளங்கள் சீழ் வைத்தன. ஒரு மத்தியானம் கடப்பாரையை வீசி எறிந்துவிட்டு நேராகச் சமையல் கொட்டகைக்கு வந்தான்.

"அம்மா, நான் சிப்பாய் இல்ல. லெப்டினன்ட். கார்ப்பரல்கிட்ட நீங்க சொல்லுங்க."

"சும்மா சொன்னா நம்புவாங்களா? எங்க சண்டை போட்டே?"

"கிணத்துக் காவலரணப் புடிச்சதே நான்தான்! என் உத்தரவு இல்லாம அங்க ஒரு தோட்டா வெடிக்கல," என்றான், நெஞ்சை நிமிர்த்தி.

அவனைத் துரத்தி வந்து முதுகுக்குப் பின்னால் நின்ற கார்ப்பரல் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான்.

"இறக்குடா!" தெயோலிந்தா கத்தினாள். "கையில ஆயுதம் இல்லாதவன சுடுறது இவன் வழக்கம். நமக்கு வேணாம். இவன் விசாரணைக்கு நடந்து போகணும். பெர்மின் மூஞ்சியப் பாத்து, எம்புள்ள பேரக் கேட்டு நிக்கணும்."

அவன் முகம் வெளிறியது. அவள் அகப்பையை ஆழமாக விட்டு, அடியில் கிடந்த கறித்துண்டுகளை எல்லாம் அவன் தட்டில் போட்டாள்.

"தின்னுங்க லெப்டினன்ட். சட்டம்."