பதினோரு மணிக்கு அணையாத படம்

டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்து, கத்சுமி ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்கு இரண்டடி தள்ளி, முகத்தில் வெள்ளைத் துணியோடு அப்பா கிடந்தார்.

ஹிரோஷிமாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த ஓரியே கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னண்ணா பண்றே?"

"ரெண்டு மணிக்கு சவப்பெட்டி வருது. இதை நகர்த்தினாத்தான் இடம்."

"கையில என்ன?"

"ஸ்பிளிட்டர்."

டிஷ் ஒயரை இரண்டு டிவிக்குப் பிரிக்கும், உள்ளங்கையில் அடங்கும் உலோகத் துண்டு. அட்டையிலிருந்து அப்போதுதான் பிரித்திருந்தான்.

"காலைல கடைக்குப் போனேன். வர்றவங்களுக்கு வீட்டுச் செருப்பு பத்தல. அங்கேயே இதுவும் இருந்தது."

"பதினாலு வருஷமா அது அங்கேதான் இருந்தது."

அவன் அடுத்த ஒயரைத் திருகினான்.

கூரை மேல் ஒரே ஒரு டிஷ். அது வேலை செய்ய வேண்டுமானால் வீட்டில் ஏதாவது ஒரு டிவியிலிருந்து அதே ஒயர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் மேலே போக வேண்டும். பதினாலு வருடம் முன்பு மாடியில் மகனும் கீழே அப்பாவுமாகப் பிரித்துக் குடியேறியபோது கத்சுமி மாட்டிய மலிவான ஸ்பிளிட்டர், ஒரு வழியாக மட்டும்தான் மின்சாரத்தை விட்டது. அது அப்பாவின் வழி. ஹமாதா நகரில் முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டிய அப்பா சதனோரி, தினமும் காலை சரியாகப் பதினோரு மணிக்குச் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பொதுக் குளியலுக்குப் போவார். அந்த நொடியில் மாடியிலும் படம் போய்விடும். அமெரிக்க பேஸ்பால் நேரடியாக வருவது காலையில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் ஏழாவதோடு கத்சுமிக்கு முடிந்துவிடும்.

"ஆள் இல்லாத அறையில கரண்ட் எதுக்கு? நல்ல ஸ்பிளிட்டரா வாங்கி மாட்டு" என்றார் அப்பா. "ஒரு ஸ்விட்சை விட்டுவெச்சா தேஞ்சா போயிடுவாரு?" என்றான் மகன். இருவரும் இறங்கி வரவில்லை. கடைசி நான்கு வருடம் கத்சுமியின் மனைவி மிவாகோ வழியாகத்தான் பேச்சு.

ஓரியே விளக்கேற்றிய சிறு மேசையருகே மண்டியிட்டு ஊதுவத்தி வைத்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"யார் முதல்ல பார்த்தது?"

"நான்தான்" என்றாள் மிவாகோ. தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். "ஒரு மணிக்கு சாப்பாடு எடுத்துட்டு வந்தேன். டிவி ஓடிட்டிருந்தது. மாமா அது முன்னாடி சாஞ்சு கிடந்தாரு."

"டாக்டர் எத்தனை மணின்னார்?"

"பத்துலேர்ந்து பன்னெண்டுக்குள்ள. அதுக்கு மேல சொல்ல முடியாதுன்னார்."

ஓரியே சற்று நேரம் அந்த டிவியைப் பார்த்தாள்.

"அப்போ நேத்து பதினோரு மணிக்கு மேலயும் மாடில படம் போகலையே."

கத்சுமியின் கை நின்றது.

"உன்கிட்டதான் கேக்கறேன்."

"போகல."

"நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"பார்த்துட்டிருந்தேன்."

"எது வரைக்கும்?"

"பன்னெண்டாவது இன்னிங்ஸ். இழுத்துக்கிட்டே போச்சு."

"பதினாலு வருஷத்துல ஒரு நாள்கூடத் தப்பாத மனுஷன். உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"நீ புத்தாண்டுக்கு வந்தவ. எட்டு மாசமா ஒரு போன் கிடையாது. இப்ப வந்து எனக்கு மணி பார்க்கக் கத்துக்குடுக்கிறியா?"

"நான் மாடில இல்லையே, அண்ணா. நீ இருந்தே."

மிவாகோ தட்டை மெல்லத் தரையில் வைத்தாள்.

"நான் சொன்னேன்" என்றாள். "பதினொண்ணு அஞ்சுக்கு. இன்னிக்கு படம் நிக்கலையே, ஒரு எட்டு போய்ப் பாருங்கன்னேன்."

"மிவாகோ."

"'மறந்துட்டாரு போல, நீ போய் ஞாபகப்படுத்தாதே'ன்னீங்க. நானும் உக்காந்துட்டேன்."

கத்சுமி புதிய ஸ்பிளிட்டரை மாட்டாமல், கழற்றிய ஒயர்களோடு சேர்த்து மூலையில் தள்ளினான்.

இரண்டு மணிக்கு ஈமச்சடங்கு ஊழியர்கள் வந்தார்கள். மூத்தவர் பஞ்சை நனைத்து உதடு துடைக்கச் சொன்னார், துடைத்தார்கள். மறுலோகத்துக்கான பயண உடை போர்த்தினார்கள். பிறகு நாடா வைத்த வெள்ளைத் துணிக் காலுறைகளை நீட்டி, "பிள்ளைகள் ஆளுக்கொரு காலா போட்டுவிடுங்க. முடிச்சு நெட்டுக்குத்தா வரணும், இறந்தவங்களுக்கு அப்படித்தான்" என்றார்.

ஓரியே வலது காலை எடுத்துக்கொண்டாள். உடலைச் சுற்றி வைத்திருந்த பனிக்கட்டியின் குளிர் கணுக்கால் வரை இறங்கியிருந்தது. நாடாவைச் சுற்றி ஒரே தடவையில் கட்டிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

கத்சுமி கட்டிய முடிச்சு அவிழ்ந்தது. மறுபடி கட்டினான். நாடா விரலிலிருந்து நழுவியது. மூன்றாம் முறை அவனுக்குக் கண் தெரியவில்லை போலிருந்தது, வெறும் குதிகாலைத் தடவிக்கொண்டிருந்தான். ஊழியர் உதவ முன்னால் நகர்ந்தார்.

"விடுங்க" என்றாள் ஓரியே. "அண்ணனே கட்டட்டும்."

ஊழியர் பின்வாங்கி மண்டியிட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள்.