செருப்பு நின்ற வரிசை

எங்கள் அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் பார்ப்பார்கள். மற்ற நாட்களில் சர்க்கரை ஏறாது என்று மேலிடத்தில் முடிவு செய்திருக்கிறார்கள் போல. ஒரே டாக்டர். உட்கார ஒரு பெஞ்சுகூடக் கிடையாது. வெறும் வயிற்றோடு விடியும் முன்பே வந்தவர்கள் எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள்? அதனால் எங்களுக்குப் பதிலாக எங்கள் செருப்புகள் வரிசையில் நிற்கும். நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருப்போம். செருப்பைத் தாண்டி யாரும் முந்தமாட்டார்கள். அந்த அளவுக்கு நாணயம் உண்டு.

வரிசைக்கு நேர் மேலே சுவரில் ஒரு போஸ்டர்: 'சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் நடக்கக் கூடாது.' அதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், வெறுங்காலோடு நின்று.

சர்க்கரை என் வீட்டுக்காரருக்கு. பஸ் டிரைவர். அவர் வலது கால் பிரேக்கை மிதித்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். டாக்டர் தலை நிமிராமலே, காலில் வலி உண்டா என்று கேட்பார். குனிந்து பார்க்க அவருக்கு நேரம் ஏது? இவரும் பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி, ஒரு வலியும் இல்லை என்பார். வெளியே வந்து என் மூட்டுவலியைக் கேலி செய்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை புதுச் செருப்போடு வந்திருந்தார். யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். உட்கார்ந்த சூடு ஆறுமுன் எழுந்து போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

திடீரென்று வார்டுபாய் சத்தம் போட்டார். துடைத்த தரையெல்லாம் ரத்தப் புள்ளியாம். எனக்குப் பசி வந்தால் வாய் நீளும், நானும் சேர்ந்துகொண்டேன்.

"காயத்தோட நடக்கறோமேன்னு ஒரு சொரணை வேண்டாமா மனுஷனுக்கு?"

திட்டிக்கொண்டே புள்ளிகளின் பின்னால் போனேன். போஸ்டரடியில் தொடங்கி, செருப்பு வரிசையைச் சுற்றி, படியேறி, என் வீட்டுக்காரரின் வலது காலில் போய் முடிந்தன. அவரும் எட்டிப் பார்த்து, "யாரு அது?" என்றார்.

பாதத்தில் ஒரு குண்டூசி அதன் கொண்டை வரைக்கும் இறங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். போஸ்டரின் ஒரு மூலை குண்டூசி இல்லாமல் தொங்கியது. அவரை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். ஒரு செருப்பும் தடுக்கவில்லை.

டாக்டர் முதல் தடவையாக அந்தக் காலைப் பார்த்தார். குண்டூசியைப் பிடுங்கித் தட்டில் போட்டார். என் வீட்டுக்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"எடுங்க டாக்டர். நான் தாங்கிக்கறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். கால் மரத்துப்போயிருக்கிறது, இனி தினமும் கண்ணால் பார்த்துத்தான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்றார். கால் பார்க்கும் பிரிவு இங்கே இன்னும் வரவில்லையாம். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன எனக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் போட்டு, செருப்புக் காலோடு அவரை உட்கார வைத்தேன். வழியை மறைக்கிறது, வெளியே எடு என்று வார்டுபாய் வந்தார்.

"எடுக்கறேன்பா. கால் போச்சுன்னா எந்த வரிசையில நின்னா கிடைக்கும்? அதை மட்டும் சொல்லு."

வார்டுபாய் உள்ளே போய்ப் பசை எடுத்துவந்து, போஸ்டரின் அந்த மூலையை நன்றாக ஒட்டிவிட்டுப் போனார்.