மூன்றரை மணி யானை

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் மூக்குக்கண்ணாடி மேல் ஆணை. கதை கிடைத்தது, க்ரீம் பன் சுற்றியிருந்த ஒரு வரைபடத் தாளில். தாள் நிறையக் கோணல்மாணல் கோடுகள். ஓரத்தில் ஒரு பெண்ணின் கையெழுத்து: "யானையா? சந்தேகம்."

2

காடு உறங்கிக்கொண்டிருந்தது, அப்போது...

வேண்டாம். காட்டை எழுப்பவே இரண்டு பக்கம் ஆகிவிடும்.

காட்டோரப் பள்ளிக்கூடம். சுற்றிலும் மண்ணின் அதிர்வை உணரும் சென்சார்களைப் புதைத்திருக்கிறார்கள். யானை நடந்தால் அந்த நடுக்கம் ஓர் அறையிலுள்ள பெட்டிக்குப் போகும்; பெட்டி சங்கு ஊதும்; பிள்ளைகள் உள்ளே ஓடுவார்கள். பெட்டிக்குப் பொறுப்பு ஒரு மருமகள். வாசல் காவல் அவளுடைய மாமனார்: இழுக்கிற இடது கால், கையில் தடி, உடம்பில் சர்க்கரை. (சர்க்கரையை ஏன் எழுதினேன்? கை தானாகப் போய்விட்டது.)

3

அந்த வாரம் இரண்டு நாள், சரியாக மூன்றரைக்குச் சங்கு ஊதியது. யானையும் இல்லை, அது போட்ட லத்தியும் இல்லை. இன்னொரு தடவை பொய்யாக ஊதினால் பெட்டியைப் பிடுங்கிவிடுவார்கள். பெட்டி வருவதற்கு முன்பு ஒருநாள், பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த ஊஞ்சலருகில் யானை வந்து நின்றிருக்கிறது.

மருமகள் பழைய பதிவுகளைக் கிளறினாள். யானை நடை எது என்று பெட்டிக்குக் கற்றுக்கொடுக்க, மிருகக்காட்சிசாலை யானைகளை நடத்திப் பதிவு செய்திருந்தார்கள். அதில் ஒன்று நொண்டி. தொம், தொம், சர்ர்ர். பெட்டி எடை பார்ப்பதில்லை, தாளம்தான் பார்க்கும். நொண்டுகிற எதுவும் அதற்கு யானை.

நேரே வாசலுக்குப் போனாள்.

"மாமா, மூணரைக்கு எங்க இருந்தீங்க?"

"இந்த நாற்காலிலதாம்மா. ஒரு எறும்பு என்னைத் தாண்டிப் போகல."

"எறும்பெல்லாம் உங்க மேலதான் போகுது. சட்டையில என்ன, க்ரீமா?"

"பல்பொடி."

"சாயங்காலத்துலயா?"

"பல்லுக்கு நேரங்காலம் உண்டா?"*

* பேக்கரி, சென்சார்களுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கதைக்குத் தேவையில்லாத தகவல்.

4

மறுநாள் மேலதிகாரி வந்தார். மூன்றரைக்குச் சங்கு ஊதியது. பிள்ளைகள் ஓடினார்கள். நாற்காலி காலி.

"எங்கம்மா யானை? தடத்தைக் காணோமே!" என்றார் அதிகாரி. "ஆள்தான்னா பேரைச் சொல்லுங்க. ஆளை வேலைய விட்டு அனுப்பிட்டுப் பெட்டிய விட்டுடறேன். இல்லன்னா பெட்டி இப்பவே வண்டில ஏறும்."

மருமகள் வாயைத் திறந்தாள்.

முடிவு அ: புதரை விலக்கிக்கொண்டு நிஜமாகவே ஒரு நொண்டி யானை வருகிறது. லட்சணமான யானை. எனக்குப் பிடித்தது இதுதான்.

முடிவு ஆ: "யானை இல்ல சார், எங்க..."

இதற்கு மேல் கை ஓடவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலையும் நினைத்துக்கொள்ளுங்கள், கிழவரையும் கொஞ்சம்.

ஒரே ஒரு தகவல்: இடது கால் இழுக்கிற எனக்குப் போன மாதத்தோடு காவல் வேலை போய்விட்டது, பெட்டி அங்கேயேதான் இருக்கிறது.