ஏழு நாள் பேக்கப்

1

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

ஒரு புதன்கிழமை, மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால், தொலைபேசியில் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அதுவரை ஓர் உதவியும் செய்யாத மனிதர் 'வேற' என்று எந்தத் தைரியத்தில் சொன்னார் என்று யோசித்ததில் பிறந்ததுதான் இந்தக் கதை. எரிச்சலில் பிறந்தது. இதை வாசகர் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. 'இன்னும் கொஞ்சம் நல்ல மனதோடு எழுதியிருக்கலாமே' என்று பிறகு குறைப்படக் கூடாது.

அவருடைய கம்பெனி இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடுகிறது. வீட்டை வாடகைக்கு விட்டவர்கூடக் கூரை விழுந்தால் வந்து எட்டிப் பார்ப்பார். இவர்கள் கூரை விழுந்த செய்திக்கு ஓர் எண் கொடுப்பார்கள். எங்கள் எண் 40718.

2

கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

'வானம் கறுத்திருந்த ஒரு வியாழக்கிழமைக் காலையில்—' [அன்று வானம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பின்னறையில் ஜன்னல் கிடையாது.]

'அவள் தைரியமான பெண்—' [அடித்துவிட்டேன். பொய்யைப் பத்தாவது வரியில் தொடங்கலாம், முதல் வரியில் கூடாது.]

மூன்றாவது, உள்ளது உள்ளபடி. என் அக்கா பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். ஒரு கார், அதில் இரண்டு பிரேக். ஒரு முன்னறை, ஒரு பின்னறை. பின்னறையில் கம்ப்யூட்டரும் நானும். பத்தாம் வகுப்பில், பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன்' என்று சொல்ல வாய் வராமல், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பாதி வருடம் வராதவளாக இருந்தேன். மீதிப் பாதி உண்மையிலேயே போகவில்லை. பேச வேண்டாத வேலை என்பதால் அக்கா தன் இணையதளத்தை என்னிடம் விட்டிருந்தாள்.

அதில் இரண்டு ஃபோல்டர்கள் முக்கியம். ஒன்று, அக்காவின் குறிப்புகள். ஆறு வருடங்களாக, ஒவ்வொரு பெண்ணுக்கும் பாடம் முடிந்ததும் காரில் உட்கார்ந்தபடியே ஃபோனில் தட்டி ஏற்றுவாள். 'வலப்பக்கம் திரும்பும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.' 'பின்னால் ஹாரன் அடித்தால் கண்ணாடியைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறாள்.' பாதியில் நின்றுபோன பெண் இரண்டு வருடம் கழித்து வந்தாலும், அந்தப் பக்கத்தைத் திறந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். அவள் தொழிலே அந்தப் பக்கங்கள்தான்.

இன்னொன்று, 'பழைய படங்கள் 2'. அதில் படம் ஒன்றும் இல்லை. என் கதைகள் இருந்தன.*

* முன்பு நோட்டுகளில்தான் வைத்திருந்தேன். மூன்றாவது நோட்டை அம்மா தாள் தாளாகக் கிழித்துச் சமையலறை அலமாரியில் விரித்துவிட்டாள். டம்ளரை எடுத்தால் அடியில் என் கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள். அதன்பிறகு நோட்டில் எழுதுவேன், தளத்தில் யார் கண்ணுக்கும் படாத ஃபோல்டரில் ஏற்றுவேன், தாளைக் கிழித்துப்போடுவேன். ஆக, வேறு பிரதி கிடையாது. அக்காவுக்கும் கிடையாது.

3

அந்த வியாழக்கிழமை காலையில் தளத்தைத் திறந்தால் வெள்ளைப் பக்கம்.

கம்பெனியின் சாட் பெட்டியில் எழுதினேன். பதில் எழுதியவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'வருந்துகிறோம்' என்றே ஆரம்பித்தார். ஆகவே இந்தக் கதையில் அவர் பெயர் வருந்துகிறோம்.

வருந்துகிறோம் முதலில் என் கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னார். பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னார். பிறகு, 'உங்கள் தளம் எங்களுக்கு நன்றாகத் தெரிகிறது' என்று ஒரு படம் அனுப்பினார். படத்தில் இருந்தது ஒரு கட்டில் கடையின் தளம். இது எங்களுடையது இல்லை என்றேன். 'வருந்துகிறோம். ஆனால் இது நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதிவிட்டு, கோரிக்கையைத் 'தீர்க்கப்பட்டது' என்று மூடினார். மறுபடி திறந்தேன். மறுபடி தீர்த்தார். செவிடன் காதில் சங்கு ஊதினால் அவன் கேட்கவில்லை என்று கையையாவது ஆட்டுவான். இவர் சங்கொலிக்கு நன்றி சொல்கிறவர்.

(வருந்துகிறோம் ஒரு ஆளா, மூன்று ஷிஃப்ட்டில் மூன்று ஆட்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மூன்று பேர் சேர்ந்தும் இவ்வளவுதான் முடிந்தது என்றால் அது அவர்களுக்கு இன்னும் அவமானம். ஒருவராகவே வைத்துக்கொள்கிறேன்.)

வெள்ளிக்கிழமை மதியம்தான் உண்மை வந்தது. அவர்களுடைய சர்வர் பழுதாகி எங்கள் இடத்தில் இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. ஆனால் பேக்கப் இருக்கிறது. ஒவ்வொரு இரவும் ஒரு நகல் எடுப்பார்கள். ஏழு இரவுகளின் நகல்கள் இருக்கும். எட்டாவது வந்ததும் பழையது போய்விடும். புதன் இரவு நகலில் எல்லாம் இருந்தது. வியாழன் இரவிலிருந்து எடுத்தவை வெற்றிடத்தின் நகல்கள். வெற்றிடத்தையும் ஓர் இரவுகூடத் தவறாமல் நகல் எடுத்தார்கள். அந்தக் கம்பெனியில் ஒழுங்காக நடந்த ஒரே வேலை அது.

மீட்பதற்கும் விதிகள் இருந்தன. ஒரு கோரிக்கைக்கு ஒரு ஃபோல்டர். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேலை நாட்கள்.

'எந்த ஃபோல்டர் முதலில்?' என்று கேட்டார் வருந்துகிறோம்.

4

முதல் பிரதியில் இந்த இடத்தில், என்னைக் கேட்காமல் அவரே தவறான ஃபோல்டரை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தேன். நம்பும்படிதான் இருந்தது. செய்யக்கூடிய ஆள்தான். அந்தப் பத்தியை வைத்துக்கொள்ள எவ்வளவோ ஆசைப்பட்டேன்.

[அவர் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன்.]

விரல் விட்டு எண்ணினேன். சனியும் ஞாயிறும் என்னுடையதற்கு. திங்களும் செவ்வாயும் அக்காவுடையதற்கு. புதன் இரவுக்குள் ஒரு நாள் மிச்சமே இருந்தது. 'பழைய படங்கள் 2' என்று தட்டினேன்.

இரண்டும் வந்துவிடும் என்று நம்பித்தான் செய்தேன் என்று எழுத வருகிறது. ஆனால் அப்படி நம்பியிருந்தால் அக்காவுடையதையே முதலில் கேட்டிருப்பேனே. இரண்டாவது வராமல் போகலாம் என்று உள்ளுக்குள் தோன்றியது. தோன்றியதால்தான் என்னுடையது முதலில் போனது.

சனிக்கிழமை சாட் பெட்டியில் 'அலுவலகம் திங்களன்று திறக்கும்' என்று இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பள்ளியை விட்டு நின்ற நாளிலிருந்து எனக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். ஊரில் மற்றவர்களுக்கு விடுமுறை உண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

நாளுக்கு நான்கு முறை அக்கா முன்னறையிலிருந்து கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

"அஞ்சு நாளா என்னத்தடி பாக்கறானுங்க? பொண்ணா பாக்கறானுங்க?"

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அன்று காலை திரும்பி வந்திருந்த ஒரு பழைய மாணவியிடம், "எங்க விட்டோம்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்று முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஞாபகம் இல்லை. ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து ஆரம்பித்தார்கள்.

5

செவ்வாய் மாலை என் கதைகள் வந்தன. ஒரு காற்புள்ளிகூடக் குறையவில்லை. அடுத்த நிமிடம் அக்காவின் ஃபோல்டரைக் கேட்டேன். புதன், வியாழன் என்றார்கள். புதன் இரவே அழிந்துவிடுமே என்று எழுதினேன். 'வருந்துகிறோம். அழிப்பது தானாக நடப்பது. அவசரம் என்றால் தொலைபேசியில் அழையுங்கள்.'

புதன் மதியம் முழுவதும் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நாலே காலுக்கு அழைத்தேன். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஒரே இசையை ஓட்டினார்கள். பிறகு ஓர் ஆண் குரல் கோரிக்கை எண்ணைக் கேட்டது. சொன்னேன். சத்தமாகச் சொல்லச் சொன்னது. சொன்னேன். கீபோர்டைத் தட்டும் ஓசை கேட்டது.

"நாளைக்கு முடிச்சுடுவாங்க மேடம்."

'இன்னைக்கு ராத்திரியே அழிஞ்சுடும்' என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தாளில் எழுதி எதிரில் வைத்திருந்தேன். வாசித்தால் போதும்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

இருந்தேன்.

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"இல்ல," என்றேன். அது மட்டும் தெளிவாக வந்தது.

[சொல்லியிருந்தாலும் அவர் ஒன்றும் செய்திருக்க மாட்டார் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அவர் என்ன செய்திருப்பார் என்பது எனக்குத் தெரியாது. இங்கே சேர்க்கவில்லை.]

வியாழன் மாலை: 'உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது. மீட்கப்பட்ட கோப்புகள்: 0. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?'

6

முடிவுக்கு வந்துவிட்டோம். கைவசம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதலாவதில் நான் பேசிவிடுகிறேன். குரல் உடைகிறது, அந்தப் பக்கம் ஒரு நல்ல மனிதர் எழுந்து ஓடிப்போய் புதன் நகலைக் காப்பாற்றுகிறார். [அந்தக் கம்பெனியில் யாரும் எழுந்து ஓடுவதாக எழுத என் கை கூசுகிறது.]

இரண்டாவதில் எல்லாமே அழிந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறேன். அக்காவும் நானும் சேர்ந்து கம்பெனியைத் திட்டித் தீர்க்கிறோம். என் கதைகளை யாரும் அறிவதில்லை. இதை எழுதும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்றாவது, நடந்தது. கம்பெனி தன் சரித்திரத்தில் ஒரே ஒரு கடிதத்தைச் சரியான ஆளுக்கு அனுப்பியது. கணக்கு அக்காவின் பெயரில் இருந்ததால், என்ன கேட்கப்பட்டது, எந்த நாள், எத்தனை மணிக்கு, எது கொடுக்கப்பட்டது என்ற முழுப் பட்டியலும் வெள்ளிக்கிழமை காலை அவள் ஃபோனுக்குப் போயிற்று.

பின்னறை வாசலில் நின்று படித்தாள்.

"பழைய படங்கள் ரெண்டா? நம்மகிட்ட ஒண்ணே இல்லையேடி, ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?"

 அந்த ஃபோல்டரை அவளே ஃபோனில் திறந்தாள். முதலில் இருந்தது, எல்லார் வாழ்க்கையிலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு பிரேக் போடும் ஒருத்தியைப் பற்றிய கதை. அவளுடைய குறிப்புகளிலிருந்தே நான்கைந்து வரிகளை எடுத்து, கேலிக்காகப் போட்டிருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொள்கிறவள் அதில் இருந்தாள். கண்ணாடியிடம் மன்னிப்புக் கேட்கிறவளும். ஆறு வருடத்தில் மிஞ்சியது அந்த வரிகள் மட்டும்தான். நின்றுகொண்டே கடைசிவரை படித்தாள்.

பிறகு கேட்டாள். "என்னோடதை எப்ப கேட்ட?"

"செவ்வாக்கிழமை."

"இதை?"

"வெள்ளிக்கிழமை."

இந்த இடத்தில் அக்கா என்ன நினைத்தாள் என்று ஒரு பத்தி வர வேண்டும். நான்கு விதமாக எழுதினேன். நான்கிலும் அவள் என்னை ஏதோ ஒரு விதத்தில் மன்னிக்கிறாள். என் கை அப்படித்தான் எழுதுகிறது. அதனால் அந்தப் பத்தியை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இதில் சொந்த லாபம் எதுவும் இல்லை.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அக்கா ஃபோனை அணைத்துப் பையில் போட்டாள். ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள். முன்னறையில் ஒன்பது மணிப் பாடத்துக்கு வந்து காத்திருந்த பெண் எழுந்து நின்றாள். அக்கா அவளையும் தாண்டி வாசலை நோக்கி நடந்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் கீபோர்டைப் பார்த்தேன். வெளியே கார் கிளம்பியது.