குடோன் எரிந்த வருஷம்

பெஞ்சின் மேல் ஏறி நின்று பாஸிலா நூலை இழுத்துக் கட்டினாள். மில்லிலிருந்து கழிவாக வந்த நூல். நாலைந்து இழை சேர்த்து முறுக்கினால்தான் தாங்கியது. நான்காம் வகுப்புச் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காலக்கோடு. வேடசந்தூர் பக்கத்து மில் ஒன்று தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக நடத்தும் பள்ளி அது. பிள்ளைகளிடம், வீட்டில் முன்பு நடந்ததைக் கேட்டு, வருஷத்தோடு சீட்டில் எழுதி வரச் சொல்லியிருந்தாள்.

சீட்டுகள் வந்தன. வருஷம் வரவில்லை.

"அம்மாவுக்கு வருஷமெல்லாம் தெரியாதாம் டீச்சர்," என்றாள் ஜீவிதா. "குடோன் எரிஞ்ச வருஷம்னு சொன்னாங்க."

"எங்கப்பா அதுக்கு மறுவருஷம்தான் மில்லுல சேந்தாரு," என்றான் கண்ணன்.

"எங்க வீட்டுக்குக் கரண்டு வந்தது எரியிறதுக்கு முந்தி," என்றான் பின்பெஞ்சுப் பையன்.

"ஏலே, அப்ப உங்க வீடு கி.மு.டா!"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. பாஸிலாவும் சிரித்துவிட்டாள். தொண்டை கட்டக் கட்டச் சொல்லியும் மண்டையில் ஏறாத கி.மு.வும் கி.பி.யும் ஒரே பீரியடில் ஏறிவிட்டன. சிவப்பு அட்டையில் 'பஞ்சு குடோன் எரிந்தது' என்று எழுதி நூலின் நடுவில் மாட்டினாள். மற்றச் சீட்டுகளை அதற்கு முன்னும் பின்னுமாகத் துணி கிளிப்பில் பிள்ளைகளே மாட்டினார்கள். ஜீவிதாவின் சீட்டு அட்டையை ஒட்டியே தொங்கியது: 'பெரியம்மா செத்துப் போனது.'

மத்தியானம் தலைமையாசிரியை கிளாரா வாசலில் வந்து நின்றார். நூலை ஒருமுறை முழுக்கப் படித்தார்.

"நாளைக்குக் கரஸ்பாண்டென்ட் வாராரு பாஸிலா."

"தெரியும் மேடம்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு மில்லுல அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"அந்தப் பிள்ளையோட பெரியம்மா..."

"எனக்குத் தெரியாதாம்மா? அடக்கத்துக்கே போனவ நான்." கிளாரா குரலைத் தாழ்த்தினார். "ஜூன்ல உனக்கு வேலை ஆர்டர் போடப்போறவரு அவரு. எனக்கும் அவருதான். ரெண்டையும் எடுத்துரு."

கிளாரா உடனே போய்விடவில்லை. இருவரும் நூலைப் பார்த்தபடி நின்றார்கள். திண்டுக்கல்லில் கணவன் ஃபயாஸ் கடையை மூடியபின் வீட்டு வாடகையும் அரிசியும் அவள் சம்பளத்தில்தான்.

பிள்ளைகள் போனபின் மறுபடி பெஞ்சின் மேல் ஏறினாள். அட்டையை எடுத்தாள். ஜீவிதாவின் சீட்டை எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வாசலில் மில் பஸ் ஹாரன் அடித்தது. கிளிப்புகளை எடுக்காமலே இறங்கி ஓடினாள்.

மறுநாள் தாளாளர் வந்தார். நூலைத் தொட்டுப் பார்த்தார்.

"நம்ம மில் நூலா? ரொம்ப நல்லாருக்கு." முன்பெஞ்சில் இருந்த கண்ணனின் தோளில் கை வைத்தார். "அப்பா நம்ம மில்லா? எப்ப சேந்தாரு?"

கண்ணன் எழுந்தான். நூலின் நடுவைத் தேடினான். பிறகு டீச்சரைப் பார்த்தான். பாஸிலா தன் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீவிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியல சார்."

தாளாளர் சிரித்தார். "அப்பா வேலைக்குச் சேந்த வருஷம்கூடத் தெரியலை. என்ன டீச்சர் ஹிஸ்டரி சொல்லிக் குடுக்கிறீங்க?"

கிளாராவும் சிரித்துவைத்தார். அவர்கள் தலைக்கு மேல் ஃபேன் காற்றில் நூல் ஆடியது. நடுவில் இரண்டு கிளிப்புகள் வெறும் நூலைக் கடித்துக்கொண்டிருந்தன.