ஆணி அடித்த பலா

மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும் மிஷின் முதல் தடவை கத்தியதும் லோகநாயகி கிட்டே ஓடினாள். லூர்துசாமி குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறினான். வந்தது ஒரு மாட்டு லாடம். அடுத்து சோடா மூடி, அப்புறம் துருப்பிடித்த அரிவாள் முனை. ஒவ்வொரு முறை அவன் குனியும்போதும் இவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். யாரோ வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன மிஷினாம். அதைக் கோணியில் சுற்றிப் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தான். "கைலிய அவுத்து வச்சிட்டுத் தேடுப்பா, குனிய நிமிர சுளுவா இருக்கும்" என்று அவள் சொன்னதும், சிரித்துக்கொண்டே அவிழ்த்து வேலியில் போட்டுவிட்டு, டவுசர் பாக்கெட்டையும் தானாகவே வெளியே இழுத்துக் காட்டினான். பல வீடுகளில் காட்டிப் பழக்கம் போலிருக்கிறது.

பதினெட்டுப் பவுன். மகள் காயத்ரிக்குத் தை கடைசியில் கல்யாணம். முதல் பத்திரிகையைத் திருப்பதியில் வைக்கக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். பூட்டிய வீடாகப் பார்த்துத் திருடர்கள் புகுந்துகொண்டிருந்த சமயம் அது. அதனால் அவள் புருஷன் சடையப்பன் நகைகளைச் சின்னப் பித்தளைத் தூக்கில் போட்டு, மூடியை அவள் கயிற்றால் கட்டி முடிச்சிட்டுத் தர, தோப்பில் ஒரு பலாவின் அடியில் புதைத்துவிட்டு வந்தார். காய்க்காத பலா. காய்க்க வேண்டும் என்று அவர் அப்பா காலத்திலேயே அடிமரமெல்லாம் ஆணி அடித்தும் ஒரு பிஞ்சு விடாத மரம். அதனால் அங்கே யாரும் போகமாட்டார்கள், மரம் எங்கேயும் ஓடிவிடாது என்றார்.

மூன்றாம் நாள் தானே என்று பேர் வைத்த புயல் வந்தது. இவர்கள் பண்ணுருட்டியிலிருந்து, சாலையில் கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே காடாம்புலியூர் வந்து சேர்ந்தபோது, தோப்பு என்று சொல்ல வானம்தான் இருந்தது. அதைவிட மோசம், தரை சுத்தமாக இருந்தது. பாகம் பிரிக்காத தோப்பு. அடுத்த வீட்டிலிருக்கும் கொழுந்தன் பழனிவேல் டிராக்டர் வைத்து மரங்களை இழுத்துப் போட்டு, வேர் பறிந்த குழிகளையும் மூடி வைத்திருந்தான். "அண்ணன் வந்து பாத்தா தாங்க மாட்டாருன்னுதான் அண்ணி, முன்னாடியே செஞ்சிட்டேன்" என்றான். கூப்பிட்டாலே வராத மனுஷன். கேட்காமல் வேலை செய்திருக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? புதைத்த இடத்தை யாருக்கும் சொல்லவில்லை என்று சடையப்பன் சத்தியம் செய்தார். சொல்லவில்லைதான். ஆனால் குழி தோண்டக் கடப்பாரையை இரவல் வாங்கியது தம்பி வீட்டில்.

அதோடு தில்லையம்மாள் இருந்தாள், பழனிவேலின் மனைவி. திருப்பதியிலிருந்து திரும்பிய நாள் முதல் லோகநாயகி அவள் கழுத்தைப் பார்க்க முயன்றுகொண்டிருக்கிறாள், முடியவில்லை. வெயிலானாலும் சரி, பாத்திரம் தேய்க்கும்போதும் சரி, முந்தானையை இழுத்துப் போர்த்தி இடுப்பில் செருகியே இருக்கிறாள். மறைக்க ஒன்றும் இல்லாதவள் எதற்குப் போர்த்திக்கொள்ள வேண்டும்?

மத்தியானத்துக்குள் தோப்பு முடிந்துவிட்டது. "இங்க இல்லம்மா. இருந்தா கத்தாம இருக்காது" என்றான் லூர்துசாமி.

"அப்ப அந்த வீட்டாண்ட வா."

"லோகு, வேணாம்" என்றார் சடையப்பன். சொன்னாரே தவிர, அவரும் பின்னாலேயே வந்தார்.

பழனிவேலின் கொல்லையில் அந்தப் பலாவின் அடிக்கட்டை வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் பக்கம் போனதுமே மிஷின் ஓயாமல் கத்தியது. லூர்துசாமி குனிந்து பார்த்து, "மரம் பூரா ஆணிங்க" என்றான்.

"ஆமா, ஆணி இருந்தா மரம் அறுக்கிற வாள் பட்டறைல எடுக்க மாட்டாங்க" என்றான் பழனிவேல். "அதான் மேல் மரத்த மட்டும் வெட்டிக் குடுத்துட்டு, இத அடுப்புக்கு ஆவும்னு இழுத்தாந்தேன்." ஒன்றுக்கு இரண்டாய்க் காரணம் சொல்கிறானே என்று நினைத்துக்கொண்டாள் லோகநாயகி. கட்டையை விட்டு நகர்ந்து, மாட்டுக்கொட்டகை, விறகு அடுக்கு, தோட்டக்கால் என்று எல்லா இடமும் பார்த்தாகிவிட்டது. எதுவும் இல்லை. தில்லையம்மாள் வாசற்படியில் நின்று போர்த்திய முந்தானையோடு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

லோகநாயகிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அவ கழுத்தாண்ட காட்டு" என்றாள்.

"பொம்பளைங்க மேல வைக்கிற மிஷின் இல்லம்மா இது."

"காட்டுன்னா காட்டு. எம் பொண்ணு கல்யாணம் நின்னுபோனா நீயா வந்து நடத்துவ?"

அவன் அசையவில்லை. தில்லையம்மாள்தான் இறங்கி வந்து, மிஷினின் அடித்தட்டைத் தன் கையாலேயே நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். மிஷின் வீறிட்டது.

"பாத்தியா! பாத்தியா!" லோகநாயகியின் குரல் தெருவரை கேட்டிருக்கும்.

தில்லையம்மாள் முந்தானையை விலக்கி, கழுத்துக் கயிற்றை வெளியே எடுத்தாள். மஞ்சள் கயிறு. அதில் தாலி இல்லை. தாலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரலி மஞ்சள் கட்டியிருந்தது. பக்கத்தில் நான்கு ஊக்குகள். ஒவ்வொன்றாகக் கழற்றி லோகநாயகியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"கத்துனது இதாங்க்கா. தாலிய போன வருஷம் போர் போடும்போது வித்தாச்சு. தண்ணியும் வரல. ஊருக்குத் தெரிய வேணாம்னு போத்திக்கினு திரிஞ்சேன்."

பழனிவேல் மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். லோகநாயகிக்கு உடம்பெல்லாம் கூசியது.

தில்லையம்மாள் அழவில்லை. லூர்துசாமியிடம், "அண்ணே, அந்தக் கட்டையில எந்தப் பக்கம் கத்துச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டு பக்கமும்தான். வேர்ப்பக்கம் ஜாஸ்தி."

"ஆணிய மரத்துலதான அடிப்பாங்க? வேர்ல யாரு அடிப்பா?"

அவளே கடப்பாரையை எடுத்து வந்தாள், சடையப்பன் இரவல் வாங்கிய அதே கடப்பாரை. வேரில் கெட்டித்துக் கிடந்த செம்மண்ணை நாலு குத்துக் குத்தினாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டு வேர்களுக்கு நடுவே, மரம் சாயும்போது அதோடு மேலே வந்துவிட்ட பித்தளைத் தூக்கு நசுங்கிப்போய்ச் சிக்கியிருந்தது. அதைப் பிடுங்கி லோகநாயகியின் காலடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

சடையப்பன் அங்கேயே உட்கார்ந்து மூடியைத் திறந்தார். ஆரம், நெக்லஸ், வளையல்கள் எல்லாம் இருந்தன. "இருக்குடி, எல்லாம் இருக்குது" என்று அவர் குழந்தை மாதிரி அழுதார். லோகநாயகி குனிந்து பார்த்தாள். மூடியைச் சுற்றியிருந்த கயிற்றில் தான் போட்ட முடிச்சு அப்படியேதான் இருந்ததா என்றுதான் அவள் கண் முதலில் தேடியது. அவர் அவிழ்த்துப் போட்டுவிட்டார், இனி தெரியாது. இப்போதும் இதைத்தானா தேடுகிறேன் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

சாத்திய கதவின் முன்னால் போய் நின்றாள். "தில்ல" என்று கூப்பிட்டாள். உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும் வந்தது.

தோப்பு வேலியில் கிடக்கும் கைலியை எடுக்கக் கிளம்பிய லூர்துசாமி, மிஷினை அணைக்க மறந்து தோளில் சாய்த்தபடி அவளைத் தாண்டிப் போனான். அவள் மூடிய கையருகே வந்ததும் அது மறுபடியும் வீறிட்டது. அவன் நின்றான். பழனிவேல் திரும்பிப் பார்த்தான். லோகநாயகி மெல்ல விரல்களைப் பிரித்து, நான்கு ஊக்குகளைக் காட்டினாள்.