குதிகாலுக்கு வந்த மெஷின்

கமலாக்ஷியின் குதிகாலுக்காகத்தான் அந்த மெஷின் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்தது. பத்தே நாளில் அவளைத் தவிர எல்லோரும் இதை மறந்துபோனார்கள்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் வலிக்கும். பக்கத்துத் தேவராவில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் மாளவிகா, கெண்டைக்காலை இழுத்துவிடும் பயிற்சியோடு இந்தக் கரண்ட் மெஷினையும் எழுதிக்கொடுத்தாள். பசைப்பட்டைகளைக் குதிகாலின் இரண்டு பக்கமும் ஒட்டி, ஒரு வேளைக்கு இருபது நிமிஷம் வைக்க வேண்டும். வலி அடங்கும், ஆனால் நோயே போய்விடாது; மெஷின் ஓடும்போது எழுந்து நடக்கக் கூடாது என்றும் சொல்லியனுப்பினாள்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தவர் அவள் கணவர் வெங்கிடேஸ்வரன். ரிட்டயரான மனிதர், கையேடு என்று ஒன்று கிடைத்தால் விடுவாரா? மூன்று தடவை படித்தார். "மொதல்ல நான் டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன். கரண்ட் காரியமாக்கும், கேட்டியா" என்று தன் முழங்காலில் ஒட்டிக்கொண்டார். அப்புறம் தோள்பட்டைக்கும் டெஸ்ட் தேவைப்பட்டது.

பிறகு சாயங்காலம்தோறும் அவருடைய நண்பர்கள் வந்தார்கள். மிளகுக்கடை முனீருக்கு இடுப்பு, தையல்கடை பாண்டியராஜனுக்கு முழங்கை. வெங்கிடேஸ்வரன் டாக்டராகவே ஆகிவிட்டார். "முனீரே, உமக்கு எண்பது ஹெர்ட்ஸ் மதி, அதுக்கு மேலே வேண்டாம்" என்பார். ஹெர்ட்ஸ் என்றால் என்னவென்று அவரை யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. எல்லோருக்கும் சாயா போட்டவள் கமலாக்ஷி, அடுப்பங்கரையில் நின்றபடியே. வலியை அடக்க வந்த மெஷின் வலியை நன்றாக வளர்த்தது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மெஷினைக் கேட்டால், "நீ ஆத்துலேயேதானே இருக்கே, எப்போ வேணும்னாலும் வெச்சுக்கலாமே" என்று பதில்.

பதினோராம் நாள் நண்பர்கள் இருவரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டியிருந்தாள். பட்டைகளில் பாண்டியராஜனின் கைமுடி ஏழெட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்துப் போட்டு, தண்ணீர் தொட்டு ஒட்டி, பட்டனை அழுத்தினாள்.

"ஏன்னா, இது ஓடறப்போ எழுந்துக்கப்படாது. நீங்கதானே படிச்சேள்?"

"அப்போ சாயா?"

"இருபது நிமிஷம் ஆகும்."

வெங்கிடேஸ்வரன் முனீரைப் பார்த்தார். முனீர் பாண்டியராஜனைப் பார்த்தார். மூன்று நிபுணர்களும் அடுக்களைக்குள் போனார்கள். சர்க்கரை எங்கே என்று ஒரு குரல் வந்தது. இரண்டாவது தட்டில் என்றாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்த வாசனையும் வந்தது. அவள் அசையவில்லை. குதிகாலில் எறும்பு ஊர்வதுபோல் கரண்ட் ஓடியது, வலி மெல்ல அடங்கியது, அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

மெஷின் பீப் என்று நின்றது. வெங்கிடேஸ்வரன் டம்ளரோடு வந்து நின்றார். "ஆச்சா?"

கமலாக்ஷி சாயாவை வாங்கி ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை கூடுதல்.

"இப்போ டெஸ்ட்தான் ஆச்சு. கரண்ட் காரியமாக்கும்" என்றாள். "வைத்தியம் இனிமேதான்."

பட்டனை மறுபடியும் அழுத்தினாள்.